கைதுக் குறிப்பில் உங்கள் கையெழுத்து எங்கே?

செஞ்சியின் வணிகர்களே, ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே, கோயில் அறங்காவலர்களே, ஜமாத் பெரியவர்களே, சபை மூப்பர்களே,



இந்த மடல் உங்களுக்குத்தான். காவல்துறைக்கும் அரசுக்கும் மனு எழுதுவது என் பிழைப்பு. தாலுகா அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குப் பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எழுதிக் கொடுக்கிறேன். அந்த வரிசையில் அவ்வப்போது ஒரு குடும்பம் வந்து உட்காரும். ராத்திரி வீட்டுக்கு வந்து ஆளைக் கூட்டிப் போனார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று சொல்லும். எஸ்.பி.க்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று என்று எழுதித் தருவேன். எழுதி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு முகவரி விட்டுப் போனது போல உறுத்தும். அது உங்கள் முகவரி. இன்று அதற்கும் எழுதிவிடுகிறேன்.

2025 ஜூன் கடைசியில் திருப்புவனத்துச் செய்தி வந்தபோது நீங்கள் கொதித்ததைப் பார்த்தேன். மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார். எஃப்.ஐ.ஆர். கூடப் போடாமல் தனிப்படைப் போலீசார் அவரைக் கூட்டிப் போய் 'விசாரித்தார்கள்'. அவர் உயிரோடு திரும்பவில்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். கோயில் ஊழியர் ஒருவர் கழிவறை ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ உங்கள் எல்லோருடைய மொபைலிலும் ஓடியது. ஜவுளிக்கடைக் கல்லாவிலும் சலூனிலும் பேருந்து நிலையத்து டீக்கடையிலும் அதே பேச்சு. 2020-ல் சாத்தான்குளத்து ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீசிடம் அடிபட்டு இறந்தபோதும் அப்படித்தான். வணிகர்கள் கடையடைத்தார்கள். அந்தக் கோபம் நிஜமான கோபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் குறை வேறு. தூரத்து ஊர்களுக்காக மூளும் அந்தக் கோபம் நம் தாலுகா எல்லைக்குள் வரும்போது ஏன் அவிந்து போகிறது?

அத்தியூர் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1993 ஜூலை. விழுப்புரம் மாவட்டமே அப்போது பிறக்கவில்லை, நாம் தென்னார்க்காட்டுக்காரர்கள். திருட்டு வழக்கில் ஒருவரைத் தேடி வந்த புதுச்சேரிப் போலீசார் ஆறு பேர், ஓர் இருளர் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றச்சாட்டு. பதின்ம வயதுப் பெண். திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி, நாம் கல்யாணி என்று அறிந்தவர், அந்தப் பெண்ணுக்காக நின்றார். அந்த வழக்கின் சூட்டில்தான் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 13 ஆண்டு இழுத்து, 2006-ல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு பேருக்கும் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வழக்கு அத்தோடு முடிந்தது. ஒரு பேராசிரியர் திண்டிவனத்திலிருந்து வந்து தோள் கொடுக்க வேண்டியிருந்ததே, அந்த நினைப்புதான் எனக்கு முடியவில்லை.

2011 நவம்பரில் தி.மண்டபம். அன்று நம் மாவட்டம்தான் அதுவும். அங்கேயும் ஒரு திருட்டு வழக்கு. இருளர் வீட்டு ஆண்களைத் தேடி வந்த திருக்கோவிலூர்ப் போலீசார், பெண்களை இரவில் வண்டியில் ஏற்றிப் போனார்கள். தைலமரத் தோப்பில் தங்களுக்கு நேர்ந்ததை நான்கு பெண்கள் வெளியே சொன்னார்கள். ஐந்து போலீசார் பணியிடை நீக்கம், பெண்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது, அபூர்வமாகச் செய்வதானாலும் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்பது அப்போதே சட்டத்தில் இருந்தது. அந்த வண்டி கிளம்பிய நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு நாக்கு இல்லை.

2021-ல் 'ஜெய்பீம்' படம் பார்த்து வீட்டில் உட்கார்ந்து கண் கலங்கினீர்கள். அந்தக் கதைக்கு மூலமான ராஜாகண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் செத்ததும் அதே 1993-தான், அதே தென்னார்க்காடுதான். அதுவும் ஒரு திருட்டுப் புகாரில் தொடங்கியது.

பாருங்கள், சாத்தான்குளம் தவிர எல்லாமே திருட்டுப் புகார். இது தற்செயல் இல்லை. போலீசிடம் சொல்லும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்துவிட்டால், அந்தப் பொருளைப் பற்றிய அளவுக்கு அது செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவாக இருந்த இந்த வாசல், இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எனவே ஆளை அடித்தாவது 'ரெக்கவரி' காட்டிவிட வேண்டும். மேலே குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எஸ்.பி. கேட்பார்: இத்தனை நகை போயிருக்கிறதே, எத்தனை பவுன் மீட்டாய்? கீழே இருக்கிற எஸ்.ஐ.க்கு ஆள் வேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளையைத் தொட்டால் அரை மணி நேரத்தில் போன் வரும். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடக்கிற இருளருக்கு யார் போன் செய்வார்கள்? ஒரே ஆள் மேல் பழைய கேஸ் நாலைந்தையும் ஏற்றி முடித்துவிடலாம்.

நகைக்கடைக்காரர்களுக்கும் அடகுக்கடைக்காரர்களுக்கும் இதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடி தாங்காமல் அவன் எந்தக் கடையையாவது கைகாட்டுவான். வேனில் அவனை ஏற்றிக்கொண்டு உங்கள் கடை வாசலுக்கு வருவார்கள். அவன் முகத்தை நீங்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் இத்தனை பவுன் கொடு, இல்லையென்றால் திருட்டு நகை வாங்கிய கேஸ் என்பார்கள். சொந்தத் தங்கத்தை உருக்கிக் கொடுத்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவன் உள்ளங்காலில் விழுந்த அடிதான் உங்கள் கல்லாவுக்கு வந்து சேர்கிறது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவன் வலி வேறு, உங்கள் நஷ்டம் வேறு என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பதால் சொல்கிறேன்.

இது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்ந்து வருகிற நோய். 1854-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க ஓர் ஆணையம் போட்டார்கள், 1855-ல் அறிக்கை வந்தது. வரி கட்டாத குடியானவரையும் திருட்டை ஒப்புக்கொள்ளாதவரையும் என்ன பாடு படுத்தினார்கள் என்று அதில் இருக்கிறது. 'கிட்டி' என்ற நம் வார்த்தையே ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறியது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. தலையைக் கயிற்றால் காலோடு சேர்த்து இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது இன்னொன்று. இதையெல்லாம் செய்தவர்கள் நம்மூர்ச் சேவகர்கள். ஊருக்கு நடுவில், கச்சேரி வாசலில், பட்டப்பகலில் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அடிபட்டவர்களே நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னைக்குப் போய் வாய்திறந்தார்கள். நேரிலும் கடிதத்திலுமாக ஏறத்தாழ 2,000 முறையீடுகள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாய்த்துறையின் பிடியிலிருந்து போலீசைத் தனியாகப் பிரித்து 1859-ல் சட்டம் போட்டார்கள். இன்றைய காவல்துறை அந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான். அடிபட்டவர் நடந்து போய்ப் பேசியதால் பிறந்த துறை இது என்பதை நம் போலீஸ் நண்பர்களுக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம், இந்த மாவட்டத்தில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாமீனில் வந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடு வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். கோயிலா இது, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, காலை மெல்லத் தூக்கி என் பக்கம் காட்டினார். உள்ளங்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. குதிகாலின் ஓரத்தை ஊன்றித்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். மனு எழுத ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மஞ்சள் பைக்குள்ளிருந்து கைதுக் குறிப்பின் நகலை எடுத்தார். அதில் கைது செய்த நேரம் மாலை ஐந்து மணி, பேருந்து நிறுத்தம் அருகே என்று இருந்தது. வீட்டிலிருந்து அவரைக் கொண்டுபோனது அதற்கு முந்தைய நாள் விடியற்காலை. ஒன்றரை நாள் காகிதத்தில் இல்லவே இல்லை. கீழே சாட்சி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. யார் இது, உங்கள் ஊர்க்காரரா என்றேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷனுக்கு டீ கொண்டாந்து குடுக்கிற பையன் சார். அதுவும் பாவம், வேண்டாம்னு சொல்ல முடியுமா அதால?" என்றார்.

அந்தப் பையன் கையெழுத்துப் போட்ட இடம் உங்களுடையது. சட்டம் உங்களுக்கென்றே போட்டு வைத்த இடம்.

டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளை இட்டது. அவை பின்னால் சட்டமாகவே ஆயின. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைது செய்யும் முறை 36-ஆம் பிரிவாக இருக்கிறது. கைது செய்யும் போலீசார் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைது செய்யும்போதே குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவர், அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். செஞ்சியில் மதிப்புக்குரியவர் யார் என்று கேட்டால் ஊரே உங்களைத்தான் காட்டும். திருவிழாப் பத்திரிகையில் உங்கள் பெயர் இருக்கிறது, பள்ளி ஆண்டு விழா மேடையில் உங்கள் நாற்காலி இருக்கிறது. கைதுக் குறிப்பில் மட்டும் உங்கள் கையெழுத்து இல்லை.

அடுத்த பிரிவு, 37, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு அடுத்த நிலையான ஏ.எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஒரு அதிகாரியை இதற்கென்றே நியமிக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதெல்லாம் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். உங்கள் பகுதி நிலையத்தில் அந்தப் பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கும் திருவிழா பந்தோபஸ்துக்கும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள்.

கேமராவும் அப்படித்தான். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை, கட்டடத்தின் பின்புறம் எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியே இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அதற்குச் சில மாதம் முன்னால் சாத்தான்குளத்தில் நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தபோது, இடம் நிறைய இருந்தும் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைத்திருந்தது தெரிந்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இந்தக் கேமராப் பிரச்சினையை மறுபடி எடுத்துக்கொண்டது. ஐந்து வருடம் கழித்தும் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், கேட்கிற குரல் டெல்லியிலிருந்து மட்டும் வந்தால் போதாது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். திருடனுக்கு வக்காலத்தா? நகை போன வீட்டுக்காரியின் அழுகையை நீ பார்த்தாயா?

பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நான்தான் மனு எழுதினேன். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போடாமல் மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள் என்று எழுதினேன். கைதுசெய்யத்தக்க குற்றமென்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பு இருக்கிறது. புகார் கொடுத்தவரை அலைய விடுவதும், கையில் கிடைத்த ஏழையை அடித்துக் கேஸை முடிப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு கைகள். தப்பான ஆளை அடித்துக் கணக்குக் காட்டினால் சரியான திருடன் வெளியே சுகமாக இருக்கிறான், அடுத்த வீட்டுப் பூட்டையும் உடைக்கிறான். நகை போன வீட்டுக்காரிக்கு அதனால் என்ன லாபம்?

மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒருவனை நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று பக்கத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்டு நாலு குரூப்புக்கு அனுப்புகிறீர்கள். காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டிருக்கிறது. உங்கள் சிரிப்பு என்ன வேலை செய்கிறது என்று யோசித்தீர்களா? அடிக்கிற கைக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தருகிறது. ஊர் ரசிக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கை நிற்காது. இன்று ரவுடிக்கு, நாளை திருப்புவனத்துக் காவலாளிக்கு. நடுவில் கோடு எங்கே இருக்கிறது?

நமக்கு எதற்கு வம்பு என்பது அடுத்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடை வாசலில் லோடு இறக்கும் வண்டிக்கு அபராதம் வரும், ராத்திரி கடையைப் பத்து நிமிடம் தாமதமாக அடைத்தால் கேள்வி வரும். பயம் நியாயமானது. ஒருவர் தனியாகப் போனால் பயப்பட வேண்டியதுதான். அதனால்தான் உங்களில் யாராவது ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மூன்றாவதாக ஒருவர் கேட்பார்: சாத்தான்குளத்தில் அந்த ராத்திரி உறவினர்களும் வக்கீல்களும் நிலையத்துக்கு வெளியே நிற்கத்தானே செய்தார்கள், என்ன பயன்? இந்தக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நின்றார்கள். உள்ளே விடவில்லை. ரத்தம் ஊறிய லுங்கிக்கு மாற்று லுங்கி கேட்டு வாங்கினார்கள். அவர்கள் இன்னும் ஏதோ செய்திருக்கலாம் என்று சொல்வது பாவம், நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நாள் அந்த இருவரும் எத்தனை வாசல் தாண்டிப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறை வாசல் திறந்தது. காயத்தைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் இருந்தார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார், 23 காலை தகப்பன். காவல் நிலைய வாசலோடு நம் வேலை முடிவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் சிறைக்கும் கூடவே போக வேண்டும் என்பதுதான் அந்த இரு உயிர்கள் நமக்குச் சொல்லிப் போனது. இன்னொன்றும் இருக்கிறது. அன்று உள்ளேயிருந்து உண்மையைச் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. சீருடைக்குள்ளேயும் மனசாட்சி இருக்கிறது. வெளியே நாலு பேர் நின்றால் உள்ளே இருக்கிற அந்த மனசாட்சிக்குத் தெம்பு வரும். வார ஓய்வு என்று 2021-ல் அரசு ஆணை போட்ட பிறகும் ஓய்வில்லாமல் நிற்கிற காவலர்களை நானும் தினம் பார்க்கிறேன். அவர்கள் என் எதிரிகள் இல்லை.

போராட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் கூடுவது எப்போதும் பிணத்தைச் சுற்றித்தான். ஆள் செத்த பிறகு கூட்டு ரோட்டில் மறியல். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் உடலை வாங்க மறுத்து உட்காருதல். கோட்டாட்சியர் வந்து பேசுவார், டி.எஸ்.பி. கை கூப்புவார். இரண்டு பேரை ஆயுதப்படைக்கு மாற்றியாயிற்று என்பார்கள். நிவாரணத் தொகை, வீட்டில் ஒருவருக்கு வேலை. பொழுது சாயும், குடும்பம் கையெழுத்துப் போடும், மரப்பெட்டி வண்டியில் ஏறும். மறியல் செய்த பிள்ளைகள் மேல் சட்டவிரோதமாகக் கூடியதாக ஒரு வழக்கு மட்டும் பல வருஷம் நீதிமன்றத்தில் கிடக்கும். போராட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. திருப்புவனத்தில் சில நாளிலேயே ஐந்து போலீசார் கைதானதும் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனதும் மக்கள் கொதித்ததால்தான். அரசு ஊழியர்களின் வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி மக்கள் 1992-ல் தொடங்கி விடாமல் நின்றதால்தான் 2011-ல் தீர்ப்பு வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் 31 ஆண்டு! அந்த ஊர்ப் பெண்கள் பாட்டிகளாகிவிட்டார்கள். ஆள் உயிரோடு உள்ளே இருக்கும் முதல் ஆறு மணி நேரத்தில் பத்துப் பேர் வந்து நின்றால், செத்த பிறகு பத்தாயிரம் பேர் வர வேண்டியிருக்காது.

2016-ல் நமக்குப் பக்கத்துச் செங்கத்தில், கணவன், மனைவி, மகன் மூவரையும் நடுரோட்டில் போலீசார் அடித்தார்கள். அது ஊருக்குத் தெரிந்தது வழிப்போக்கர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்ததால். திருப்புவனத்தில் அந்தக் கோயில் ஊழியர். இருவருமே பெரிய மனிதர்கள் இல்லை. உங்களைப் போல அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கமும் இல்லை.

இனி நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

வணிகர் சங்கம், வழக்கறிஞர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், மூன்றும் சேர்ந்து ஒரு முறைப் பட்டியல் போடுங்கள். எந்த நாளில், எந்த இரவில் எந்த இருவர் என்று. ஒருவரிடம் வண்டி இருக்கட்டும், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். அந்த எண்களை அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் காலனிகளிலும் எழுதி ஒட்டுங்கள். ஆளைக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று போன் வந்தால் குடும்பத்தோடு நிலையத்துக்குப் போங்கள். குரலை உயர்த்த வேண்டாம். எந்த வழக்கு, கைதா விசாரணையா, எத்தனை மணிக்குக் கூட்டி வந்தீர்கள் என்று கேளுங்கள். விசாரணைதான் என்றால் எழுத்தில் கொடுத்த நோட்டீஸைக் காட்டச் சொல்லுங்கள். கைது என்றால் குறிப்பில் சாட்சியாக நாங்கள் கையெழுத்திடுகிறோம் என்று சொல்லுங்கள். ஆளைக் கண்ணால் பார்த்து, நேரம் சரியாக இருக்கிறதா என்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பார்க்க விடாவிட்டால் அந்த நிமிடமே எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கும் செய்தி அனுப்புங்கள், கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மருத்துவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. போலீஸ் கொண்டுவரும் ஆளின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளங்காலைப் பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுங்கள். வழக்கறிஞர்களே, ரிமாண்ட் நேரத்தில் நம் கோர்ட்டில் உங்களில் ஒருவர் இருங்கள். நகருக்குள்ளேயே நீதிமன்றம் இருக்கிறது, தூரம் ஒரு சாக்காக முடியாது. 24 மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்களா, உடம்பில் வலி உண்டா என்று அவரையே வாய்திறந்து சொல்ல வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, ஒவ்வொன்றையும் தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுதி வைக்க உங்களைவிட ஆள் கிடையாது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொல்லிவிட்டது. அங்கே போகும் மனுவுக்கு உயிர் கொடுப்பது உங்கள் நோட்டுத்தான்.

இதில் எதையும் மறைத்துச் செய்ய வேண்டாம். பட்டியலின் நகலை டி.எஸ்.பி.யிடம் நேரில் கொடுங்கள். சட்டம் கேட்கிற சாட்சியைத் தேடி நீங்கள் டீக்கடைக்கு ஆள் அனுப்ப வேண்டாம், நாங்களே வருகிறோம் என்று சொல்லுங்கள். நேர்மையான அதிகாரி இதை வரவேற்பார். முகம் சுளிக்கிற அதிகாரி யார் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு ஊர் முழுக்கப் பேனர் கட்டினோம். ராஜகிரிக்கு ஏறி வருகிறவர்களுக்கு, கைதிகளைத் தள்ளிச் சாக விட்ட கிணறு என்று வழிகாட்டிகள் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்துக் கொடுமையைக் காட்டிப் பேசுகிற நாம், இன்றைக்கு நம் தெருவில் உள்ள கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கக் கூசலாமா?

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு எப்படியும் ஊருக்குள் வருவீர்கள். தாலுகா அலுவலகப் பக்கம் என் மேஜையில் ஒரு நீளமான நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். பெயர், தொழில், போன் எண், வர முடிந்த கிழமை, இரவில் வர முடியுமா முடியாதா. இவ்வளவுதான் எழுத வேண்டும். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுத வாருங்கள்.